பணம் போட்டாச்சு என்கிறது கம்பெனி, எனக்கு வரவில்லையே?

கேள்வி: பெங்களூரு பீன்யாவில் இரண்டு சி.என்.சி. மெஷினும் மூன்று லேத்தும் வைத்து ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். சொந்த ஊர் தர்மபுரி பக்கம். கோயம்புத்தூர் பம்ப் கம்பெனி ஒன்றுக்கு ஆறு வருஷமாக ஷாஃப்ட் கடைந்து அனுப்புகிறேன். போன மாத பில் ரூ. 6,84,000 வரவில்லையே என்று போன் செய்தால், ‘நீங்கள் மெயிலில் அனுப்பிய புது அக்கவுண்டுக்கு ஒன்பது நாள் முன்பே ஆர்.டி.ஜி.எஸ். போட்டாச்சே’ என்கிறார்கள். நான் அப்படி எந்த மெயிலும் அனுப்பவில்லை. யாரோ ஹேக் செய்திருக்கிறார்கள், கம்ப்யூட்டரை ஃபார்மேட் பண்ணிவிடலாம் என்கிறான் அக்கா பையன். மூன்று மாதம் முன்பு வேலையை விட்டுப் போன அக்கவுண்ட்ஸ் ஆள் மீது எனக்குச் சந்தேகம். கம்பெனி கைவிரித்துவிட்டது. போலீஸில் எழுதிக் கொடுக்கலாம் என்றால் எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. பணம் போனது போனதுதானா?

பதில்: முதலில் அக்கா பையனைத் தடுத்து நிறுத்துங்கள். கம்ப்யூட்டரை ஃபார்மேட் செய்தால், இந்த வழக்கில் உங்கள் பக்கம் பேசக்கூடிய ஒரே சாட்சியை நீங்களே அழித்ததாக ஆகும். நாளைக்கு எதிர்த்தரப்பு வக்கீல் கேட்கப்போகும் முதல் கேள்வியே ‘எதை மறைக்க அழித்தீர்கள்?’ என்பதாகத்தான் இருக்கும். பாஸ்வேர்டை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள், எல்லா இடத்திலிருந்தும் லாக்-அவுட் செய்யுங்கள். அந்தக் கம்ப்யூட்டரின் இணைய இணைப்பைத் துண்டித்து அப்படியே வையுங்கள்.

அடுத்து, இன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போன் போடுங்கள். சண்டைக்கு அல்ல. பணம் கிளம்பியது அவர்கள் வங்கியிலிருந்து. எனவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் அவர்கள் புகார் கொடுத்தால்தான், பணம் போய்ச் சேர்ந்த கணக்கையும், அங்கிருந்து கைமாறிய கணக்குகளையும் முடக்கச் சொல்லித் தகவல் வேகமாகப் போகும். ஒன்பது நாள் ஆகிவிட்டது, முழுப் பணமும் அங்கேயே உட்கார்ந்திருக்கும் என்று நான் ஆசை காட்ட மாட்டேன். ஆனாலும் ஏதோ ஒரு கணக்கில் மிச்சம் முடங்கிக் கிடைத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 503-ஆவது பிரிவின் கீழ் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போட்டு அதை விடுவிக்கக் கேட்கலாம். இரண்டு பேரும் ‘உன் தப்பு, என் தப்பு’ என்று மெயில் அனுப்பிக்கொண்டிருக்கும் நேரம் திருடனுக்குத்தான் லாபம். என்னிடம் வரும் இந்த மாதிரி விவகாரங்களில் பாதி நஷ்டம் இப்படித்தான் ஆகிறது.

நீங்களும் தனியாகப் புகார் கொடுங்கள். பெங்களூரில் இதற்கென்று சைபர் குற்றங்களைக் கவனிக்கும் போலீஸ் ஸ்டேஷன்கள் இருக்கின்றன. எந்த ஸ்டேஷனின் எல்லை என்று குழம்ப வேண்டாம். எல்லை எதுவானாலும் புகாரை வாங்க வேண்டும் என்கிறது அதே சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு. வாயால் சொன்னால் அதிகாரி எழுதிக்கொண்டு உங்களுக்குப் படித்துக் காட்ட வேண்டும், எஃப்.ஐ.ஆர். நகல் இலவசமாகத் தர வேண்டும். ஆக, கன்னடம் எழுத வராதது ஒரு தடையே இல்லை. ஆனால் படித்துக் காட்டும்போது கணக்கு எண், தொகை, தேதி மூன்றையும் கவனமாகக் கேளுங்கள். ஒரு இலக்கம் தப்பினால் தப்பான கணக்குக்குக் கடிதம் போகும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66, 66சி, 66டி பிரிவுகளும், பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் ஏமாற்றுப் பிரிவான 318(4)-உம் பொருந்தும். வாங்க மறுத்தால் புகாரைத் தபாலில் போலீஸ் துணைக் கமிஷனருக்கு (டி.சி.பி.) அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட்.

அந்தப் பழைய அக்கவுண்ட்ஸ் ஆள்? அவர் பெயரைக் குற்றவாளி என்று எழுதாதீர்கள். ‘பாஸ்வேர்டு இன்னார் கையில் இருந்தது, அவர் வேலையை விட்ட பிறகும் மாற்றவில்லை’ என்ற உண்மையை மட்டும் எழுதுங்கள். மிச்சத்தைப் போலீஸ் பார்த்துக்கொள்ளும். ஆதாரம் இல்லாமல் பெயர் போட்டால் நாளைக்கு அவதூறு வழக்கில் நீங்கள் நிற்க வேண்டியிருக்கும்.

சரி, உங்கள் உண்மையான கேள்விக்கு வருவோம்: கம்பெனி கடன்பட்டதா, கடன் தீர்ந்ததா?

அடிப்படை விதி உங்கள் பக்கம்தான். சரக்கை வாங்கியவர் விற்றவருக்கோ, அவர் அதிகாரம் கொடுத்தவருக்கோ பணம் கொடுத்தால்தான் கடன் தீரும். திருடன் கையில் கொடுத்துவிட்டு ‘கொடுத்தாச்சு’ என்று சொல்ல முடியாது. ஆனால் அவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள். ஒப்பந்தச் சட்டத்தின் 50-ஆவது பிரிவைக் காட்டி, ‘நீங்கள் சொன்ன முறையில்தான் செலுத்தினோம், உங்கள் மெயில்தானே சொன்னது’ என்பார்கள். இங்கேதான் வழக்கு திரும்பும். அந்த மெயில் எங்கிருந்து வந்தது?

மூன்று வாய்ப்பு இருக்கிறது. உங்கள் சொந்த மெயில்பாக்ஸுக்குள் நுழைந்து அதிலிருந்தே அனுப்பியிருக்கலாம். உங்கள் முகவரி போலவே தெரியும், ஒரு எழுத்து மட்டும் மாறிய வேறு முகவரியாக இருக்கலாம். அல்லது ஓட்டை அவர்கள் பக்கமே இருந்து, அவர்கள் மெயிலைப் படித்தவன் சரியான நேரம் பார்த்து உள்ளே புகுந்திருக்கலாம். பின்னிரண்டில் ஒன்றானால் உங்கள் கை நன்றாக ஓங்கும். முதலாவதானால் ‘பழைய ஆள் போன பிறகும் பாஸ்வேர்டை மாற்றாத அலட்சியம்’ என்று உங்களைப் பிடிப்பார்கள். அதையும் மறைக்காமல் உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள்.

எனவே அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள், அதில் ஒன்றும் தெரியாது. மெயிலை அப்படியே இணைப்பாக, முழு ஹெடரோடு (மெயில் எங்கிருந்து, எந்த வழியாக வந்தது என்று காட்டும் தகவல்) அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் மெயில் செட்டிங்ஸில் நீங்கள் வைக்காத ஃபார்வர்டிங் விதி (வரும் மெயிலைத் தானாக வேறு முகவரிக்கு அனுப்பும் ஏற்பாடு) ஏதாவது இருக்கிறதா பாருங்கள். இருந்தால் நீக்குவதற்கு முன் அதைப் பதிவு செய்துகொள்ளுங்கள். கோர்ட்டில் இவற்றைக் காட்ட புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63(4) பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். அதில் முதல் பகுதி நீங்கள் நிரப்புவது, இரண்டாவது ஒரு நிபுணர் நிரப்புவது. ஒரு சங்கடமான எச்சரிக்கையும்: அந்தக் கம்ப்யூட்டரில் திருட்டு மென்பொருள் இருந்தால் நிபுணரிடம் கொடுக்கும் முன் வக்கீலிடம் சொல்லிவிடுங்கள். தெரிந்தே அதைப் பயன்படுத்துவது பதிப்புரிமைச் சட்டத்தில் தனிக் குற்றம்.

மெயில் உங்கள் பெட்டியிலிருந்தே போயிருந்தாலும் கம்பெனியிடம் கேட்க எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஆறு வருஷம் முன்பு உங்களை வெண்டராகப் பதிவு செய்தபோது கேன்சல்டு செக் கேட்டார்கள்தானே? அப்படியானால் கணக்கு மாறும்போது ஏன் கேட்கவில்லை? ஒரு போன் கூடவா பண்ண முடியவில்லை? இன்னொன்று, ஆர்.டி.ஜி.எஸ். போடும் முன் பெறுபவரின் பெயரைச் சரிபார்க்கும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. திரையில் யார் பெயர் வந்தது, அதைப் பார்த்தும் ஏன் அனுப்பினார்கள்? அவர்கள் பெயரே பார்க்கவில்லை என்றால் அலட்சியம் உங்களுடையது மட்டும் அல்ல.

வசூலுக்கு சிவில் கோர்ட்டுக்கு ஓட வேண்டியதில்லை. சப்ளைக்கு முன்பே சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு வைத்திருந்தீர்களா? இருந்தால் குறு, சிறு நிறுவனங்களுக்கான 2006-ஆம் ஆண்டு எம்.எஸ்.எம்.இ.டி. சட்டம் உங்களுக்கு நல்ல ஆயுதம். எழுத்தில் எத்தனை நாள் போட்டிருந்தாலும் 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்தக்கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டு வட்டியாக. வாங்குபவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், விற்பவர் இருக்கும் இடத்துக் கவுன்சிலே (இந்தச் சட்டப்படி பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பு) விசாரிக்கலாம். நீங்கள் கோயம்புத்தூர் போக வேண்டாம், அவர்கள் பெங்களூர் வரட்டும். தீர்ப்பை எதிர்த்து அவர்கள் கோர்ட்டுக்குப் போனாலும் முதலில் தீர்ப்புத் தொகையில் 75 சதவீதத்தைக் கட்ட வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும், உங்கள் இடத்தில் நான் இருந்தால் முதலில் சமரசம்தான் பேசுவேன். ஆறு வருஷ பார்ட்டி, அடுத்த ஆர்டரும் அவர்களிடமிருந்துதான் வர வேண்டும். மெயில் உங்கள் பெட்டியிலிருந்தே போயிருந்தால் நஷ்டத்தில் ஒரு பங்கை நீங்கள் ஏற்பதும், மீட்கும் பணத்தை அதே விகிதத்தில் பிரிப்பதும் நியாயம். அவர்கள் பக்கத்து ஓட்டை என்றால் ஒரு ரூபாயும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

இரண்டு சின்ன விஷயம். சைபர் சம்பவத்தைக் கவனித்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2022 ஏப்ரல் 28 உத்தரவு இருக்கிறது. சொந்தத் தொழில் செய்பவரும் அதில் வருவார். தாமதமானாலும் அனுப்பிவிடுங்கள். அந்த மெயில்பாக்ஸில் தொழிலாளிகளின் ஆதார் நகல் கிடந்தால் அவர்களிடமும் சொல்லிவிடுங்கள், பாவம், அவர்கள் பெயரில் யாராவது கடன் வாங்கிவிடப் போகிறார்கள்.

இனி வரும் பில்லுக்கெல்லாம் ஒரு வரி அச்சடியுங்கள்: ‘எங்கள் வங்கிக் கணக்கு மாறினால் மெயிலில் தெரிவிக்க மாட்டோம். இந்த எண்ணில் கூப்பிட்டு உறுதி செய்யாமல் பணம் செலுத்தினால் அது செலுத்தியதாகாது.’ மெயிலுக்கு இரண்டடுக்கு பாதுகாப்பைப் போடுங்கள். வேலையை விட்டு ஆள் போகும் அன்றே பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

நோட்டீஸ் அனுப்பும் முன் பழைய பர்ச்சேஸ் ஆர்டரின் பின்பக்கத்தைத் தேடிப் பாருங்கள். பொடி எழுத்தில் பேமெண்ட் நிபந்தனைகள் இருக்கும். கணக்கு மாற்றத்துக்கு லெட்டர்ஹெட் கடிதம் வேண்டும் என்று அதில் ஒரு வரி இருந்தால், அதை உடனே எனக்கு அனுப்புங்கள்.