செங்கல்லைப் பூசாமல் விட்டால் பேக்கரா?

கேள்வி: சொந்த வீடு கட்டப் போகிறோம். லாரி பேக்கர் பாணியில் கட்டினால் செலவு பாதியாகிவிடும் என்கிறார் மைத்துனர். மேஸ்திரியோ, "உள்ளே பொந்து விட்ட சுவர் மாடியைத் தாங்காது, அதெல்லாம் கேரளத்து ஃபேஷன்" என்கிறார். யார் சொல்வது சரி?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. மைத்துனர் சொல்வது கூடுதல் ஆபத்து.

பேக்கர் பாணி என்று தனியாக ஒன்று கிடையாது. லாரி பேக்கர் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். 1917இல் பர்மிங்ஹாமில் பிறந்து அங்கேயே கட்டடக்கலை படித்தவர், 1945இல் தொழுநோய் மருத்துவமனைப் பணிக்காக இந்தியா வந்தார். பிறகு இமயமலைப் பக்கம் பித்தோராகட்டில் சுமார் 15 ஆண்டுகள் இருந்தார். படித்து வந்த பாடம் அங்கே பெரிதாக உதவவில்லை. கல், மண், மரம் இவற்றை வைத்து ஊர்க்காரர்கள் கட்டுவதைப் பார்த்துத்தான் தொழிலை மறுபடி கற்றுக்கொண்டார். திருவனந்தபுரத்தில் நிலைகொண்டபோது வயது 50ஐத் தாண்டிவிட்டது. (நம்மில் பலர் ஓய்வூதியக் கணக்குப் போடும் வயது.) அந்நகரின் 'உள்ளூர்' என்ற பகுதியில் உள்ள வளர்ச்சி ஆய்வு மைய வளாகம் உட்பட, இன்று 'பேக்கர் கட்டடம்' என்று நாம் காட்டுகிற செங்கல் கட்டடங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு வந்தவைதான்.

மேஸ்திரியின் சந்தேகத்துக்கு வருவோம். அவர் சொல்வது எலிப்பொறிக் கட்டு (rat-trap bond) என்னும் செங்கல் அடுக்கும் முறை. செங்கல்லைப் படுக்கவைக்காமல் பக்கவாட்டில் நிமிர்த்தி, அகன்ற முகம் வெளியே தெரியும்படி எதிரெதிராக இரண்டு வைக்க வேண்டும். நடுவே 3 அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக இடைவெளி விழும். அடுத்து ஒரு குறுக்குக்கல் இரு பக்கத்தையும் பிணைக்கும். 230 x 110 x 75 மி.மீ. கல், 10 மி.மீ. கலவை என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு சதுர மீட்டர் 9 அங்குலச் சுவருக்கு வழக்கமான கட்டில் 98 கல், இதில் 77. கலவையும் குறையும். நடுவில் அடைபட்ட காற்று வெயிலை உள்ளே எளிதில் விடாது. தரைத்தளமும் ஒரு மாடியும் உள்ள வீட்டை இந்தச் சுவர் தாங்கும். ஆனால் அடி வரிசை, சன்னல் அடிமட்டம், லிண்டல் (கதவு, சன்னலுக்கு மேல் வரும் விட்டம்) மட்டம், கூரைக்குக் கீழ்வரிசை ஆகியவற்றைப் பொந்தில்லாமல் கட்ட வேண்டும். மூலைகளும் கதவு, சன்னல் ஓரங்களும் அப்படியே.

கெடுவது எங்கே? முதலில் கல்லில். அளவு ஒத்துவராத, கோணல்மாணலான நாட்டுக்கல்லில் இதைச் செய்தால் ஒரு முகம் நேராக வரும், மறுமுகம் பல்லிளிக்கும். அடுத்தது கலவை. பொந்துக்குள் கலவை விழுந்து நிரம்பினால் சிக்கனமும் போச்சு, குளிர்ச்சியும் போச்சு. இடைவெளியின் மேல் ஒரு பட்டைப் பலகையை வைத்துக்கொண்டு கலவை போட்டால் விழாது. எல்லாவற்றையும்விடப் பெரிய வம்பு மின்சாரக் குழாய். சுவர் எழுந்த பிறகு 3 அங்குலக் கல்லில் காடி வெட்டினால் கல் பிளந்துவிடும். சுவிட்ச் எங்கே வரும் என்பதை முதல் வரிசைக்கு முன்பே முடிவு செய்து, குழாயைப் பொந்துக்குள்ளேயே கொண்டுபோக வேண்டும்.

கூரைக்கு பேக்கர் செய்த வேலையும் இதே கணக்குதான். ஸ்லாபின் அடிப்பகுதியில் இருக்கும் கான்கிரீட் இழுவிசையைத் தாங்குவதில்லை, அதைத் தாங்குவது கம்பி. அங்கே கம்பிக் கட்டங்களுக்கு நடுவே மங்களூர் ஓடு வைத்தால் அந்த அளவுக்குக் கான்கிரீட் மிச்சம். ஓட்டை நனைக்காமல் வைத்தால் கான்கிரீட்டின் தண்ணீரை உறிஞ்சிவிடும். ஓடு கம்பியைத் தொட்டால் கம்பியைச் சுற்றிக் கான்கிரீட் பிடிக்காது. சுவரோரங்களில் ஓடு வைக்கக் கூடாது. கட்டத்தின் அளவைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், மைத்துனர் அல்ல.

இனி அந்தப் 'பாதி'. கல்லில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் வீட்டுச் செலவு பாதியாகாது. சுவர் வீட்டுச் செலவில் ஒரு பங்குதானே. பேக்கர் பூச்சை விட்டார், பல இடங்களில் லிண்டலுக்குப் பதில் செங்கல் வளைவு வைத்தார், சன்னலுக்குப் பதில் செங்கல் ஜாலி (காற்றும் வெளிச்சமும் வர இடைவெளி விட்டு அடுக்கிய சுவர்) வைத்தார், கதவு நிலையையே தேவையா என்று கேட்டார். பெரிய அலுவலகம் வைத்துக்கொள்ளாமல் வேலையிடத்தில் கொத்தனார்களோடு நின்றார். அவர் வீடுகளில் செலவு குறைந்தது இதெல்லாம் சேர்ந்ததால்தான். ஒப்பந்தக்காரரிடம் மொத்தமாக விட்டுவிட்டு, பூசிய சுவரில் செங்கல் நிற டைல் ஒட்டுகிறவர்களுக்குச் செலவு கூடவே செய்யும்.

திருவனந்தபுரம் உங்களுக்குப் பக்கம். மேஸ்திரியையும் கூட்டிக்கொண்டு தம்பானூர் இந்தியன் காபி ஹவுஸுக்குப் போய்வாருங்கள். சுழன்று ஏறும் அந்தச் செங்கல் கட்டடமும் பேக்கருடையதுதான். காபி ஆறினாலும் பரவாயில்லை, ஜாலியில் கல் எப்படி அமர்ந்திருக்கிறது என்று அவர் பார்க்கட்டும். திரும்பியதும் 4 அடிக்கு 4 அடியில் ஒரு மாதிரிச் சுவர் கட்டச் சொல்லுங்கள். இரண்டு முகமும் நேராக வராவிட்டால் வழக்கமான கட்டிலேயே கட்டிப் பூசிவிடுங்கள்.