கொழுப்பு அளவு நார்மலுக்கு வந்துவிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

அம்மாவுக்கு எல்.டி.எல். என்கிற கெட்ட கொழுப்பு 90க்கு இறங்கிவிட்டது, ஆறு மாதமாகப் போடும் ஸ்டாடின் என்ற கொழுப்பு மாத்திரையை நிறுத்தலாமா, அது அழற்சியையும் குறைக்கும் என்கிறார்களே உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். அழற்சியைக் குறைப்பது உண்மைதான். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். எங்கள் வீட்டில் நிறுத்திப் பார்த்துவிட்டோம்.

அப்பா காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். "மீன் துன்றவனுக்கு ஏதுடா கொழுப்பு" என்பார். எல்.டி.எல். 172 இருந்தது, மாத்திரை போட்டு மூன்று மாதத்தில் 88. அந்த 88ஐச் சுற்றி அவரே பேனாவால் வட்டம் போட்டு, ரிப்போர்ட்டை சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். மருந்துக்கடையில் "நார்மல்தானே, இனி எதுக்கு" என்றார்கள். நானும் தலையாட்டினேன். எட்டு மாதம் கழித்து, விடியற்காலை மூன்று மணிக்கு, மீன் ஏலத்துக்கு ஆள் போகிற நேரத்தில், இடது தாடை இழுக்கிறது என்று என்னை எழுப்பினார். தண்டையார்பேட்டையிலிருந்து ஆட்டோவில் போய்ச் சேர்வதற்குள் சட்டை தொப்பலாகிவிட்டது. ஸ்டென்ட் வைத்துப் பிழைத்தார். நிறுத்தியதால்தான் வந்தது என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. நிறுத்தியது தப்பு என்று மட்டும் சொன்னார்.

குழாயில் பிசுக்கு படிந்து அடைப்பதாகத்தான் நானும் நினைத்திருந்தேன். டாக்டர் ஒரு தாளில் வரைந்து காட்டினார். எல்.டி.எல். துகள்கள் ரத்தக்குழாயின் சுவருக்குள்ளேயே புகுந்து கெட்டுப்போகின்றன. துப்புரவு செய்ய மோனோசைட் என்கிற வெள்ளையணுக்கள் உள்ளே இறங்கி, மேக்ரோபேஜாக மாறி விழுங்குகின்றன. விழுங்கியதைச் சமாளிக்க முடியாமல் உப்பி நுரைச் செல்களாகின்றன. கொலஸ்ட்ரால் உள்ளே படிகமானால், செல்லுக்குள் இருக்கும் என்.எல்.ஆர்.பி.3 என்ற அமைப்பு விழித்துக்கொண்டு இன்டர்லூகின்-1 பீட்டா என்ற அழற்சியைத் தூண்டும் புரதத்தை வெளியே விடுகிறது. அதனால் இன்னும் அணுக்கள் வந்து குவிகின்றன. இதுதான் அழற்சி. பழுத்த கட்டி போல மேல்மூடி மெலிந்து ஒருநாள் கிழியும். அங்கே ரத்தம் உறையும். பெரும்பாலான மாரடைப்பு அப்படித்தான் வருகிறதாம்.

ஸ்டாடின், கல்லீரல் கொழுப்பு தயாரிப்பதைத் தடுக்கிறது. அதனால் கல்லீரல் ரத்தத்திலிருந்து எல்.டி.எல்லை இழுத்துக்கொள்கிறது. அதோடு அழற்சியும் தணிகிறது. 2008இல் வந்த ஜூபிடர் ஆய்வில் 17,802 பேர். எல்.டி.எல். 130க்குக் கீழே, ஆனால் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. மட்டும் கூடுதலாக இருந்தவர்கள். ரோசுவாஸ்டாடின் 20 மி.கி. போட்டவர்களுக்கு எல்.டி.எல். 50 சதவீதமும் சி.ஆர்.பி. 37 சதவீதமும் இறங்கின. 2017இல் கான்டோஸ் ஆய்வில், முன்பே மாரடைப்பு வந்தவர்களுக்கு இன்டர்லூகின்-1 பீட்டாவை மட்டும் தடுக்கும் கனகினுமாப் ஊசி போட்டார்கள். எல்.டி.எல். அசையவில்லை, ஆனாலும் 150 மி.கி. அளவில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் சேர்த்து 15 சதவீதம் குறைந்தது. உயிரைப் பறிக்கும் தொற்றும் கூடியதால் அது நம் வீட்டு மருந்தாகவில்லை.

என்னை உலுக்கியது இன்னொன்று. பரம்பரையாகக் கொழுப்பு கூடுதலாக உள்ளவர்களின் மோனோசைட்டுகள், மூன்று மாதம் ஸ்டாடின் போட்டு எல்.டி.எல். இறங்கிய பிறகும் அழற்சியைத் தூண்டும்படி முறுக்கேறியே இருந்ததாக 2019இல் ஓர் ஆய்வு வந்தது. அப்பா 88ஐ வட்டம் போட்டதும் அதே மூன்றாவது மாதம்தான். அவருடையது பரம்பரை வகையா என்று பார்த்ததில்லை. ஆனால் ரிப்போர்ட்டில் எண் இறங்குவதும் சுவருக்குள் சூடு தணிவதும் ஒரே நாளில் நடக்காது என்று அன்றைக்கே தெரிந்திருந்தால் தலையாட்டியிருக்க மாட்டேன்.

அம்மாவுக்கு மாத்திரையால் தசைவலி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைப்பார் அல்லது வேறு ஸ்டாடின் மாற்றுவார். சி.ஆர்.பி. எடுக்கச் சொன்னால் ஜுரமோ பல் வீக்கமோ இருக்கும்போது எடுக்காதீர்கள், அதனாலேயே ஏறிக் காட்டும்.