திருகோணமலைப் பிள்ளைகளின் வாசிப்புக்கு உதவப் புத்தகம் அனுப்புவதா, பணம் அனுப்புவதா?

கேள்வியின் சுருக்கம் இது: கேட்டவர் வெளிநாட்டில் இருக்கிறார். மூதூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தரம் 3, 4 பிள்ளைகள் பலருக்கு வாசிக்க வரவில்லை. ஊரில் நான்கைந்து இளையோர் நேரம் தரத் தயார். ஒரு பெட்டி புத்தகம் அனுப்பலாமா, புத்தகப்பை கொடுக்கலாமா?

இரண்டையும் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள். பாடநூல் 1980 முதல் இலவசம், சீருடைத் துணியும் அரசு கொடுக்கிறது. பைகளை ஆண்டுத் தொடக்கத்தில் பலரும் கொடுப்பார்கள். அந்தப் பிள்ளைகளுக்கு இல்லாதது, பக்கத்தில் இருந்து எழுத்தெழுத்தாக வாசிப்பிக்க ஒரு பெரிய ஆள். பணம் முதலில் அந்த ஆள் வாரத்தில் 3 நாள் தவறாமல் வருவதற்குப் போகட்டும்: பஸ் காசு அல்லது பெட்ரோல், பிள்ளைகளுக்குத் தேத்தண்ணியும் கடிக்க ஏதாவதும், போட்டோகொப்பிச் செலவு. தொண்டர்தானே, பஸ் காசு எதற்கு என்று விடுகிற இடங்களில் இரண்டாம் மாதமே வரவு குறையும். ஆளுக்கு விருப்பம் இல்லை என்பதல்ல, கையில் காசு இல்லை என்பதுதான் அதற்குக் காரணம்.

தொடங்குமுன் ஒவ்வொரு பிள்ளையையும் தனியாக இருத்திப் பத்து நிமிடம் பாருங்கள். இந்தியாவில் பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு 2005 முதல் 'அசர்' (ASER) என்ற கல்வி நிலை ஆய்வில் பயன்படுத்தும் முறை இதற்குப் போதும். நான்கு தாள் வேண்டும்: கலந்து போட்ட எழுத்துகள், சின்னச் சொற்கள், 4 வரிப் பந்தி, 8 முதல் 10 வரிக் கதை. பந்தியிலிருந்து தொடங்குங்கள். தடங்கலின்றி வாசித்தால் கதைக்குப் போங்கள், சொல்சொல்லாக முறித்தால் சொல் தாளுக்கு இறங்குங்கள். 5 சொல்லில் 4 சரியென்றால் அது சொல் படி. இல்லையென்றால் எழுத்துத் தாள். பிள்ளைகளைத் தரத்தின்படி பிரிக்காமல் இந்தப் படியின்படி பிரியுங்கள், ஒரு தொண்டருக்கு 5 அல்லது 6 பேர். தரம் 4 பிள்ளை தரம் 3 பிள்ளைகளோடு இருக்கக் கூச்சப்படும். குழுக்களுக்கு 1, 2 என்று எண் போடாமல் கப்பல், பட்டம் என்று பெயர் வையுங்கள், அந்தப் பெரிய பிள்ளையிடம் அட்டை பகிரும் வேலையைக் கொடுங்கள்.

எழுத்துப் படியில் இருப்பவர்களுக்கு 247 எழுத்து அட்டவணையைச் சுவரில் ஒட்டிப் பாட்டாக ஒப்புவிக்க வைப்பதுதான் அதிகம் நடக்கிற பிழை. பிள்ளை வரிசையைச் சொல்லும், நடுவில் ஒரு எழுத்தைத் தொட்டால் முழிக்கும். ப, ட, ம, ர, க, ல என்ற ஆறையும், அவற்றில் சிலவற்றுக்குப் புள்ளியையும் மட்டும் எடுங்கள். படம், மரம், கடல், பகல், பட்டம், கப்பல் எல்லாம் இந்த ஆறுக்குள் வந்துவிடும். இரண்டு கிழமை இதிலேயே நில்லுங்கள். பிறகு அரவு ('ா' குறி): பால், கால், பாடம். பிறகு கி, கீ. உகரத்தில் வேகம் குறையும், குறையட்டும். கு, பு, டு, ரு, து ஒவ்வொன்றும் வேறு வடிவம் எடுப்பதால் ஒரு விதி சொல்லித் தப்ப முடியாது, ஒவ்வொன்றையும் தனி எழுத்தாகவே காட்டவேண்டும்.

கடைசியாகக் கொம்பு ('ெ' குறி). பிள்ளைகள் அதிகம் நின்றுபோகும் இடம் இது. 'கெ'யில் குறி முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது. 'கொ'வில் குறி இரண்டு பக்கமும் நிற்கிறது. கொம்பைத் தனி அட்டையாக வெட்டி, க, ம, ப அட்டைகளுக்கு இடப்பக்கம் வைத்து நகர்த்திக் காட்டுங்கள். 'கொம்பைக் கண்டால் வாய் திறக்காதே, அடுத்த எழுத்தைப் பார்' என்று ஒரே வசனத்தை எல்லாத் தொண்டர்களும் சொல்லட்டும். ஆளுக்கு ஒரு விளக்கம் சொன்னால் பிள்ளை குழம்பும்.

ஒரு வகுப்பு ஒரு மணி நேரம். முதல் 10 நிமிடம் தொண்டர் விரல் வைத்துக் கதை வாசிக்கட்டும். அடுத்த 15 நிமிடம் அட்டை, 20 நிமிடம் பிள்ளை தானே வாசிப்பது. பிறகு 10 நிமிடம் பிள்ளை வாயால் சொல்லும் ஒரு வசனத்தைத் தொண்டர் கொப்பியில் எழுத, பிள்ளை அதைத் திருப்பி வாசிக்கும். 'எங்கட ஆடு குட்டி போட்டது' என்றால் அப்படியே எழுதுங்கள், 'எங்களுடைய' என்று திருத்துவது பிறகு வரட்டும். தன் சொல் தாளில் நிற்பதைக் கண்ட பிள்ளைக்கு எழுத்தின் பயம் குறையும். மிச்ச 5 நிமிடம், புத்தகங்கள் வந்தபிறகு, வீட்டுக்குக் கொண்டுபோக ஒன்றை எடுப்பதற்கு. பிள்ளை தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணும்வரை பொறுங்கள். நல்ல மனதுள்ள தொண்டர்கள்தான் உடனே விடையைச் சொல்லிக் கெடுப்பார்கள். ஒப்புவிக்கிறதா வாசிக்கிறதா என்று ஐயம் வந்தால் கடைசிச் சொல்லிலிருந்து பின்னோக்கி வாசிக்கச் சொல்லுங்கள்.

நேரத்தை ஊரைக் கேட்டு வையுங்கள். கிண்ணியா, மூதூரில் மதரஸா நேரத்தோடும் மற்ற ஊர்களில் ரியூசனோடும் முட்டினால் பிள்ளை வராது. புலமைப்பரிசில் வினாத்தாள் செய்விக்கச் சொல்லிப் பெற்றோர் கேட்பார்கள். அதற்கு இணங்கினால் வாசிக்கத் தெரியாத பிள்ளை மறுபடியும் கடைசி வாங்குக்குப் போய்விடும், ஆகவே முதல் கூட்டத்திலேயே மறுத்துவிடுங்கள்.

புத்தகம் மூன்றாம் மாதத்தில் போதும். 20 பிள்ளைகளுக்கு 60 புத்தகம், எளிய படிப் புத்தகங்களில் ஒவ்வொன்றும் 3 பிரதி. தடித்த அறிவுநூல்களும் வீட்டில் மிஞ்சிய பழைய சஞ்சிகைகளும் வேண்டாம். தமிழகப் பதிப்புகளில் 'பேனா', 'பஞ்சாயத்து', 'அங்கன்வாடி' என்று வரும்போது, பேனை என்று மட்டும் தெரிந்த பிள்ளை சரியாக வாசித்துவிட்டும் பிழை என்று நினைத்து நின்றுவிடும். ரூம் டு ரீட் என்ற தொண்டு நிறுவனம் இலங்கையிலேயே தமிழில் வெளியிட்ட சிறுவர் புத்தகங்கள் நல்லவை. ஸ்டோரிவீவர் (StoryWeaver) இணையத்தளத்தில் நான்கு படிகளாகப் பிரித்த தமிழ்க் கதைகள் திறந்த உரிமத்தில் உண்டு. நம் சொல்லை இட்டு அச்சிடலாம், எழுத்தாளர், ஓவியர் பெயரை மட்டும் விடக்கூடாது. கதைகளில் கண்ணனும் வரட்டும், பாத்திமாவும் வரட்டும்.

அச்சிட்டதை ஸ்ரேப்ளர் பின் அடித்துக் கட்டாதீர்கள். கடற்காற்றில் பின் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். நடுவில் மூன்று துளை போட்டு நூலால் தையுங்கள். மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டியில் போட்டு, கறையானுக்காக நிலத்தில் வைக்காமல் வாங்கில் வையுங்கள். ஐப்பசி மழை தொடங்குமுன் ஒருமுறை வெயில் காட்டுங்கள்.

தொண்டர்களுக்கு உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருப்பவர்களைத் தேடுங்கள். கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத் திருகோணமலை வளாக மாணவர்களையும் கேட்கலாம். இவர்கள் ஒருநாள் போய்விடுவார்கள், ஆகவே குழுவுக்கு இருவர் இருக்கட்டும், ஒருவர் போகும்போது மற்றவருக்குப் பிள்ளைகள் பழகியிருக்கும். இருவர் இருப்பது பாதுகாப்புக்கும் வேண்டும்: எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியே இருக்கக்கூடாது, கதவு திறந்தே இருக்கவேண்டும், ஒவ்வொரு தொண்டரும் கிராம உத்தியோகத்தரிடம் நற்சான்றிதழ் வாங்கவேண்டும். சிறுவர் உதவி எண் 1929 சுவரில் பிள்ளைகள் உயரத்தில் ஒட்டப்பட்டிருக்கட்டும்.

சனசமூக நிலையத்தில் நடத்தினால் கிராம அபிவிருத்திச் சங்கம் அல்லது மாதர் சங்கத்தின் சம்மதம் எடுங்கள். பாடசாலைக்குள் என்றால் அதிபர் வழியாக வலயக் கல்விப் பணிமனை அனுமதி. பணம் தனியாள் கணக்குக்குப் போகாமல் சங்கக் கணக்குக்குப் போகட்டும், எடுக்க இரண்டு கையெழுத்து. பிள்ளை பொருள் வாங்கும் படத்தைக் கேட்காதீர்கள். அந்தப் படம் முகநூலில் வந்தால் வகுப்பில் மற்றப் பிள்ளைகள் காணுவார்கள்.

எட்டு கிழமைக்கு ஒருமுறை அதே நான்கு தாளை வேறு சொற்களோடு வையுங்கள். எத்தனை பிள்ளைகள் ஒரு படி ஏறினார்கள், யார் அசையவில்லை என்பதே உங்களுக்கு வரவேண்டிய அறிக்கை. ஒழுங்காக வந்தும் அசையாத பிள்ளையின் கண்ணை முதலில் பாருங்கள்: தாளை மூக்கருகே பிடிக்கிறதா, பலகையைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? அப்படியென்றால் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை வழியாக வைத்தியசாலைக் கண் பிரிவுக்கு அனுப்பி, கண்ணாடிச் செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள்.