சிட்காம் எனும் நகைச்சுவைத் தொடர்களில் ஏன் அடிக்கடி ஒரு பாரோ காபிக் கடையோ இருக்கிறது?

முக்கியக் காரணம் வசதிதான். ஒரு வீட்டுக்குள் புது ஆள் நுழைய ஏதாவது காரணம் சொல்ல வேண்டும், பாருக்கு அது வேண்டாம், கதவைத் திறந்துகொண்டு யார் வேண்டுமானாலும் வரலாம், கதையும் அவரோடு வந்துவிடும். பாரிலேயே நடக்கும் 'சியர்ஸ்' தொடர் (1982–1993) இதை அவ்வளவு அழகாகச் செய்தது! வெளியே காட்டியது பாஸ்டனில் இருந்த நிஜ பார், உள்ளே நடப்பது பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸ் ஸ்டுடியோவில் போட்ட செட்.

அப்புறம், 'ஃப்ரெண்ட்ஸ்' தொடரின் சென்ட்ரல் பெர்க் காபிக் கடையில் அந்த ஆரஞ்சு சோபாவைக் கவனித்துப் பாருங்கள். எதிரே பார்வையாளர்களை உட்காரவைத்து, ஒரே நேரத்தில் பல கேமராக்களில் எடுத்த தொடர் என்பதால் சோபா நம்மைப் பார்த்தே கிடக்கும், நண்பர்களும் அதைச் சுற்றி அரைவட்டமாகத்தான் உட்காருவார்கள். நாமும் அந்த வட்டத்தில் ஒருவர் என்று தோன்றுவது அதனால்தான்.