ஜாவாஸ்கிரிப்டில் ஒரு கோப்பின் மாறியை இன்னொரு கோப்பின் ஃபங்ஷனில் எப்படிப் பயன்படுத்துவது? எல்லாவற்றையும் குளோபலாக, அதாவது எல்லாக் கோப்புகளுக்கும் பொதுவாக, வைத்தால் என்ன?

வைக்கலாம். நானும் வைத்தேன். கிருஷ்ணகிரியில் மாமாவின் மாங்காய் மண்டிக்கு பில் போடும் நிரல் எழுதிக் கொடுத்தபோது, ‘எடை’ என்று ஒரே குளோபல் மாறி. உங்கள் நிரலும் இரண்டு மூன்று கோப்புகளாகப் பெருகி, இப்போது அதே இடத்தில்தான் நிற்கிறது என்று நினைக்கிறேன்.

ஒரு பெரியவர் பெங்களூரா காய் 840 கிலோ போட்டார். பில் அடிப்பதற்குள், லாரியில் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கும் பொத்தானை மாமா அழுத்திவிட்டார். இன்னொரு கோப்பில் இருந்த அந்த ஃபங்ஷனிலும் ‘எடை’ என்றே பெயர் வைத்திருந்தேன். முன்னால், புது மாறி என்று அறிவிக்கும் ‘லெட்’ போட மறந்துவிட்டேன். தனி மாறி உருவாகாமல், லாரிக் கணக்கு அவருடைய எடையின் மேலேயே போய் உட்கார்ந்துகொண்டது. பில்லில் 3,140 கிலோ! நல்ல மனிதர், சீட்டைத் திருப்பிக் கொடுத்து, “என் தோப்பையே உலுக்கினாலும் இவ்வளவு காய் விழாதே அப்பா” என்றாராம்.

மாமா அழைத்தபோது நான் சூளகிரி தாண்டி, ஓசூர் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன். 2004இல் தனி மாவட்டமானோம். ஆனாலும் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரிக்கு ஒரு ரயில் நிலையம் இல்லை, அதனால் பஸ்தான். உட்கார இடமிருந்தால் மடிக்கணினியைத் திறந்தாவது பார்த்திருப்பேன். அது கிடக்கட்டும்.

‘ரியாக்ட் (பக்கங்களைக் கட்ட உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) தெரிந்திருந்தால் இது வந்திருக்காது’ என்று எழுத வருபவர்கள், மண்டியில் இருந்த கணினியை ஒருமுறை பார்த்துவிட்டு எழுதட்டும்.

2015இல் மொழித்தரத்தில் சேர்ந்த மாட்யூல் முறையே போதும்; அதில் ஒவ்வொரு கோப்பும் தனி அலகு, வெளியே கொடுப்பது எக்ஸ்போர்ட், வாங்கிக்கொள்வது இம்போர்ட். மாறியை ஒரு கோப்பில் ‘எக்ஸ்போர்ட் லெட்’ என்று வையுங்கள். அதை மாற்றும் ஃபங்ஷனும் அதே கோப்பில் இருக்கட்டும். இம்போர்ட் செய்யும் கோப்புக்கு மாறிய மதிப்பு தானாகவே தெரியும். அங்கிருந்து நேரடியாக மாற்றப் போனால் பிழை காட்டி நின்றுவிடும். என் தவறு முதல் நாளே பிடிபட்டிருக்கும். ஆப்ஜெக்டை (பல மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் தொகுப்பை) எக்ஸ்போர்ட் செய்தால் மட்டும் இந்தக் காவல் கிடையாது. மாறிக்கு வேறு மதிப்பு வைக்க விடாத ‘கான்ஸ்ட்’ போட்டிருந்தாலும் அதன் உள்ளே இருப்பதை எந்தக் கோப்பும் மாற்றலாம்.

ஸ்கிரிப்ட் டேகில் வகை ‘மாட்யூல்’ என்று குறிப்பிட வேண்டும். பக்கத்தை இரட்டைச் சொடுக்கில் திறந்துவிட்டு, இம்போர்ட் ஓடவில்லை என்று அடுத்த கேள்வி போடாதீர்கள். உங்கள் கணினியிலேயே ஒரு சிறிய சர்வரை ஓடவிட்டு அதன் வழியாகத் திறங்கள். எனக்கு இதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.