மகளின் முழங்காலுக்கு ஏற்ற படிப்பு எது என்று கேட்ட அம்மாவுக்கு

வணக்கம் அம்மா.

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 11 வயதில் முழங்கால் வலி தொடங்கியது. 'வளர்ற வயசு வலிதான்' என்று எல்லோரும் சொன்னதில் ஒரு வருடம் போய்விட்டது. பிறகு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோதுதான் ஆஸ்டியோகாண்ட்ரைட்டிஸ் டிசெக்கன்ஸ் என்று தெரிந்தது. இப்போது அவளுக்கு 16 வயது. கால்நடை மருத்துவம் படிக்க ஆசைப்படுகிறாள். நீங்களோ உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலையாக, ஏதாவது கணினிப் படிப்பில் சேர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

நான் மருத்துவர் இல்லை. ஆனாலும் நோயைக் கொஞ்சமாவது புரிந்துகொள்ளாமல் படிப்பைப் பற்றி யோசிக்க முடியாது. தொடை எலும்பு முழங்காலில் வந்து முடிகிற இடத்தில், குருத்தெலும்புக்கு அடியில் இருக்கும் எலும்பின் ஒரு சிறு பகுதி வலுவிழக்கிறது. அந்த இடத்தில் ரத்த ஓட்டம் குறைவது, திரும்பத் திரும்ப விழும் அழுத்தம், பரம்பரை என்று பல காரணங்கள் சொல்கிறார்கள். சிலருக்கு அந்தப் பகுதி மேலிருக்கும் குருத்தெலும்போடு சேர்ந்து கழன்றுவிடும். கழன்ற துண்டு மூட்டுக்குள் அலைந்து எங்காவது மாட்டிக்கொள்ளும்போதுதான் கால் திடீரென்று பூட்டிக்கொள்கிறது. ஃபிரான்ஸ் கோனிக் என்ற ஜெர்மன் அறுவை மருத்துவர் 1887-ல் இதற்கு இந்தப் பெயரை வைத்தபோது அழற்சிதான் காரணம் என்று நினைத்தார்; பெயரில் வரும் 'ஐட்டிஸ்' அதைத்தான் குறிக்கிறது. பின்னால் பார்த்தவர்களுக்கு அழற்சி பெரிதாகத் தென்படவில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நோயின் பெயரை வைத்து உங்கள் மகளால் என்ன முடியும், என்ன முடியாது என்று கண்டுபிடிக்க முடியாது. இதே பெயர் எழுதிய அறிக்கையோடு ஒரு பிள்ளை சில மாத ஓய்வில் குணமாகி ஓடுகிறது. இன்னொரு பிள்ளைக்கு இரண்டு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. அதனால் அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேளுங்கள். எலும்பின் வளர்ச்சித் தகடு, அதாவது எலும்பு நீண்டு வளர்கிற முனைப்பகுதி, இன்னும் திறந்திருக்கிறதா? அந்தத் துண்டு உறுதியாக ஒட்டியிருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா? எவ்வளவு பெரியது, எடையைத் தாங்கும் இடத்தில் இருக்கிறதா? வளர்ச்சித் தகடு திறந்திருக்கும் வயதில் தானாக ஆறும் வாய்ப்பு அதிகம். 16 வயதுப் பெண்களுக்குப் பெரும்பாலும் அது மூடியிருக்கும், அல்லது மூடிக்கொண்டிருக்கும். ஆகவே இந்தப் பேச்சைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்றையும் கண்டிப்பாகவே சொல்கிறேன். 'பரீட்சை முடியட்டும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்' என்று சிகிச்சையை ஒத்திப்போட வேண்டாம். தளர்ந்த துண்டு உங்கள் பரீட்சைக் கால அட்டவணைக்காகக் காத்திருக்காது. அறுவை சிகிச்சைதான் என்றால், பல நேரங்களில் சுமார் 6 வாரம் ஊன்றுகோலோடு காலை ஊன்றாமல் நடக்க வேண்டிவரும். முழு வேகத்துக்குத் திரும்பப் பல மாதம் ஆகும். படிப்பில் ஒரு வருடம் தாமதமானால் ஆகட்டும். முப்பது வயதில் யாரும் அந்த ஒரு வருடத்தைப் பற்றிக் கேட்கப்போவதில்லை. ஆனால் குருத்தெலும்பு கெட்டுப்போனால் இளம் வயதிலேயே மூட்டுத் தேய்மானம் வரக்கூடும்.

சரி, உட்கார்ந்து செய்யும் வேலைக்கு வருகிறேன். முழங்காலுக்கு நாற்காலிதான் பாதுகாப்பு என்று பெற்றோர் எல்லோரும் நம்புகிறார்கள். ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இதே மாதிரி வலியோடு இருந்த ஒரு மாணவன், மேசை வேலையில் சேர்ந்த நான்காவது மாதம் என்னிடம் வந்து, 'மூணு மணி நேரம் காலை மடக்கி உட்கார்ந்துட்டு எழுந்தா முதல் பத்து அடி நடக்க முடியல' என்றான். ஒரே கோணத்தில் மடங்கிக் கிடக்கும் மூட்டு இறுகிப்போகிறது. அதைத் தாங்கும் தொடைத் தசையும் பயன்படாமல் மெலிகிறது. கணினி வேலை நல்ல வேலைதான். நினைத்த நேரத்தில் எழவும் காலை நீட்டவும் விடுகிற இடமாக இருந்தால் அவள் முழங்காலுக்கும் நல்லதுதான். ஆனால் ஆசையில்லாத ஒரு படிப்பில், வலியைக் காரணம் காட்டி அவளை உட்காரவைத்தால், வலியும் போகாது, மனசும் ஒட்டாது.

கால்நடை மருத்துவத்தைப் பற்றி உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். படிக்கும் வருடங்கள் கடினமானவை. பெரிய விலங்குகளைப் பிடிக்க வேண்டும், ஈரத் தரையில் மண்டியிட வேண்டும், அவை திமிறினால் சட்டென்று விலக வேண்டும். மண்டியிடுவதும் ஆழமாகக் குந்துவதும் முழங்காலுக்குப் பெரும் சுமை. இந்தப் பயிற்சியைத் தவிர்த்துவிட்டுப் பட்டம் வாங்க முடியுமா என்பது அந்தந்தக் கல்லூரியைப் பொறுத்தது. விண்ணப்பிக்கும் முன்பே நேரில் போய்க் கேளுங்கள், பதிலை எழுத்தில் வாங்குங்கள். படித்து முடித்த பிறகு கதை வேறு. செல்லப்பிராணி சிகிச்சையில் விலங்கு மேசை மேல் இருக்கும், மருத்துவர் உயரமான முக்காலியில் உட்காரலாம். நோய்க்குறியியல் ஆய்வகம், ஸ்கேன் படங்களைப் படித்து அறிக்கை தருவது, தடுப்பூசி ஆராய்ச்சி, விலங்குணவு என்று இதே பட்டத்தோடு போகக்கூடிய இடங்கள் நிறைய. ஆகவே அவளிடம் 'இந்தப் படிப்பு வேண்டாம்' என்று ஆரம்பிக்காமல், இதில் அவளை இழுப்பது எது என்று கேளுங்கள். விலங்குகளோடு இருப்பதா, நோயைக் கண்டுபிடிப்பதா, கிராமம் கிராமமாகப் போவதா? கடைசியாகச் சொன்னதுதான் என்றால் நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும். மற்ற இரண்டுக்கும் வழி இருக்கிறது.

எந்த வேலையாக இருந்தாலும், அந்த வேலையில் ஒரு நாள் முழுக்க முழங்கால் என்ன செய்கிறது என்று பாருங்கள். எத்தனை மணி நேரம் தொடர்ந்து நிற்க வேண்டும், எத்தனை முறை படி ஏற வேண்டும், குந்த வேண்டுமா, நினைத்தபோது நிறுத்த முடியுமா? என் அனுபவத்தில் கடைசிக் கேள்விதான் எல்லாவற்றையும்விட முக்கியம். நாலு மணி நேரம் நிற்கிற வேலையைக்கூட, நடுநடுவே உட்கார விட்டால் பலர் சமாளிக்கிறார்கள்.

அதற்கு முன் அவள் முழங்காலின் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும். இரண்டு வாரம் ஒரு நோட்டில் அவளே எழுதட்டும். என்ன செய்தாள், எவ்வளவு நேரம், வலி 0 முதல் 10 வரை எத்தனை, வீக்கம் உண்டா, மறுநாள் காலை எப்படி இருந்தது. மறுநாள் காலைக் குறிப்பை விட்டுவிட வேண்டாம். செய்யும்போது தெரியாத வலி பலருக்கு அடுத்த நாள்தான் கணக்குக் கேட்கிறது. இந்த நோட்டைக் காட்டி மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்குங்கள். அதில் நோயின் பெயரைவிட, 'தொடர்ந்து 40 நிமிடத்துக்கு மேல் நிற்க இயலாது, தேர்வின்போது காலை நீட்டி உட்கார இடமும் இடைவேளையும் தேவை' என்பது போல எழுதியிருந்தால்தான் உதவும். எண்கள் அவளுடைய நோட்டிலிருந்து வர வேண்டும். 2006-ல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, நியாயமான வசதியை மறுப்பதும் பாகுபாடுதான் என்கிறது. கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதில்லை.

கடைசியாக உங்களிடம் ஒன்று. இந்த வலி வெளியே தெரியாது. ஒரு நாள் நன்றாக நடப்பாள், மறுநாள் நொண்டுவாள். 'நேத்து நல்லாத்தானே நடந்தே' என்ற வார்த்தையை வகுப்பிலும் விளையாட்டு மைதானத்திலும் இந்தப் பிள்ளைகள் கேட்டுக் கேட்டு, பிறகு வலியைச் சொல்வதையே விட்டுவிடுகிறார்கள். வீட்டில் அந்த வார்த்தை வேண்டாம் அம்மா. உங்கள் கடிதத்தில் 'இப்போது அவ்வளவாக வலி என்று சொல்வதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். என்னை யோசிக்கவைத்த வரி அதுதான். வலி குறைந்ததால் சொல்லவில்லையா, ஆசைப்பட்ட படிப்பு கைவிட்டுப் போய்விடும் என்று மறைக்கிறாளா?

நோட்டு எழுதி முடித்ததும் அவளையும் அழைத்துக்கொண்டு வாருங்கள். முதல் அரை மணி நேரம் நான் அவளிடம் தனியாகப் பேசுகிறேன், நீங்கள் வெளியே இருந்தால் போதும். பிறகு மூவரும் சேர்ந்து உட்காரலாம்.