‘உன் நாய்’ என்று ஒரு நாய் வீட்டில் இருக்கக் கூடாது

கேள்வி: எனக்கு 31 வயது, கணவருக்கு 34. திருமணமாகி 3 வருடம் ஆகிறது. வீட்டில் ஒரு செல்லப்பிராணி வேண்டும் என்பதில் இருவருக்கும் ஒரே மனசு. ஆனால் அவருக்கு நாய்தான் வேண்டும், எனக்குப் பூனை. சின்ன வயதில் அவர் வீட்டில் ஒரு நாய் இருந்ததாம். அதைப் பற்றிப் பேசினாலே முகம் மலர்ந்துவிடும். அவர் காலை 8 மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர மாலை 7 ஆகும். நான் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். நாய் வந்தால் எல்லா வேலையும் என் தலையில்தான் விழும் என்று சொன்னால், “உனக்கு நாயையே பிடிக்காது, அதைச் சொல்லேன்” என்கிறார். பூனை என்றால் தனக்குத் தும்மல் வரும், அதற்குப் பாசமும் கிடையாது என்கிறார். கர்ப்பமானால் பூனை ஆகாது என்று மாமியார் வேறு பயமுறுத்துகிறார். சண்டையே வேண்டாம், பொதுவாக ஒரு முயல் வாங்கிவிடலாமா என்று யோசிக்கிறோம். இதற்கிடையில், இன்னும் 7 வாரத்தில் வரும் என் பிறந்தநாளுக்கு அவர் ஒரு நாய்க்குட்டியோடு வந்து நிற்கப்போவதாக நாத்தனார் என் காதில் போட்டுவிட்டாள். நான் என்ன செய்யட்டும்?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் கடைசி விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன். அந்த நாய்க்குட்டி உங்கள் பிறந்தநாளன்று வரக் கூடாது. மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசிக்கொள்ளலாம். இது ஒன்றை மட்டும் இந்த வாரமே நிறுத்திவிடுங்கள். நாத்தனாரைக் காட்டிக்கொடுக்க வேண்டியதில்லை. “எதுவா இருந்தாலும் ரெண்டு பேரும் சேர்ந்து போய்ப் பார்த்துத்தான் கூட்டிட்டு வரணும். திடீர்னு கொண்டுவந்து நிறுத்தினா எனக்குத் தாங்காதுங்க” என்று நேராகச் சொல்லுங்கள், போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. உங்கள் கணவர் இப்போது செய்ய நினைப்பதை 20 வருடத்துக்கு முன்னால் நான் செய்தேன். எனக்கு நாய் வேண்டும், என் கணவருக்கு வேண்டாம். குட்டியைக் கண்ணால் பார்த்துவிட்டால் மனசு இளகிவிடும் என்று நம்பி, ஒரு சனிக்கிழமை மதியம் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். அவர் திட்டவில்லை. குட்டியைப் பத்திரமாகத் தரையில் இறக்கிவிட்டு எழுந்து போனார். அன்றிலிருந்து அது “உன் நாய்”. “உன் நாய் குரைக்குது.” “உன் நாய்க்குத் தண்ணி இல்லை.” கிண்ணம் காலியாக இருப்பதைப் பார்ப்பார், உள்ளே வந்து என்னிடம் சொல்வார். குழாய் இரண்டடி தூரத்தில்தான் இருக்கும், நிரப்ப மாட்டார். அந்த நாய்க்கோ அவர் மேல்தான் உயிர். அவர் பேப்பர் படிக்க உட்கார்ந்தால் அவர் செருப்பின் மேல் தாடையை வைத்துப் படுத்துக்கொள்ளும். அவர் காலை மெல்ல உருவிக்கொள்வார். அது வெறும் செருப்பின் மேலேயே தலையை வைத்துக் கிடக்கும். 11 வருடம் எங்களோடு இருந்தது. போகப் போகச் சரியாகிவிடும் என்பார்கள். ஓரளவு ஆனது, முழுக்க ஆகவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் கிடையாது. ஒரு வார்த்தை கேட்காமல் 11 வருடத்தை ஒருவர் தலையில் கட்டியது நான்தான்.

அதனால் பிராணி விஷயத்தில் எனக்கு ஒரே ஒரு விதிதான். இரண்டு பேரும் ‘சரி’ சொல்ல வேண்டும். ஒருவர் ‘வேண்டாம்’ என்றாலும் அது அப்படியே நிற்க வேண்டும். ஆனால் வேண்டாம் என்பவர் ஏன் என்பதை விளங்கச் சொல்லியாக வேண்டும். அங்கேதான் உங்கள் இருவருக்கும் இடறுகிறது. நீங்கள் வேலையைப் பற்றிச் சொல்கிறீர்கள். அவர் காதில் அது ‘நாயைப் பிடிக்காது’ என்று விழுகிறது.

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். எனக்குப் பெரிதாகத் தெரிந்தது அந்தக் காலை 8 மணியும் மாலை 7 மணியும். நடுவில் இருக்கும் 11 மணி நேரமும் உங்களுடையது. இரண்டு மாதக் குட்டியால் மூத்திரத்தை இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று மணி நேரம் அடக்க முடியும். நீங்கள் மீட்டிங்கில் இருக்கிறீர்கள் என்பது அதற்குத் தெரியாது. பல் முளைக்கும் காலத்தில் சார்ஜர் வயரைக் கடிக்கும், நாற்காலிக் காலைக் கடிக்கும். 6 முதல் 8 வாரத்தில் தடுப்பூசி தொடங்கினால் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை என்று நான்கு மாதம் வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும். ரேபிஸ் ஊசி, பூச்சி மருந்து தனி. இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று இருக்கிறது. பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினான்காவது வாரம் வரைதான் குட்டி உலகத்தைப் பழகிக்கொள்ளும் காலம். புது மனிதர்கள், குழந்தைகள், வண்டிச் சத்தம், மாடிப்படி, குடை, எல்லாவற்றையும் அந்த நாட்களில் பயமில்லாமல் அது பார்த்துவிட வேண்டும். அதைத் தவறவிட்ட பல குட்டிகள் பயந்த நாயாக வளர்கின்றன. பயந்த நாய்தான் பெரும்பாலும் கடிக்கிற நாய்.

இத்தனையும் நடப்பது பகலில். உங்கள் கணவர் மனக்கண்ணில் இருப்பது 7 மணிக்குக் கதவைத் திறந்ததும் வாலாட்டிக்கொண்டு ஓடிவரும் நாய். அந்த ஆசையில் தப்பே இல்லை. நாள் முழுக்க வெளியே இருந்துவிட்டு வருகிறவருக்கு, தன்னைப் பார்த்ததற்காகவே ஒரு உயிர் குதிக்கிறது என்பது பெரிய ஆறுதல். அதை அவர் மனசிலிருந்து பிடுங்கப் பார்க்காதீர்கள்.

ஒரு நாள் இரவு சாப்பாடு முடிந்து சாவகாசமாக இருக்கும்போது, அவர் வளர்ந்த வீட்டில் இருந்த நாயைப் பற்றிச் சொல்லச் சொல்லுங்கள். எங்கே படுக்கும், எதற்குப் பயப்படும், கடைசியில் என்ன ஆயிற்று என்று எல்லாவற்றையும் கேளுங்கள், குறுக்கே பேசாதீர்கள். முடித்த பிறகு, “அதுக்குச் சாப்பாடு வெச்சது யாருங்க? மழை பெஞ்சா வெளியே கூட்டிட்டுப் போனது யாரு?” என்று கேளுங்கள். பல வீடுகளில் இதற்குப் பதில் ‘அம்மா’. அவர் வாயிலிருந்தே அது வந்தால், நீங்கள் இத்தனை நாளாக என்ன சொல்ல வருகிறீர்கள் என்று அவருக்கே விளங்கிவிடும். வக்கீல் மாதிரி மட்டும் கேட்டுவிடாதீர்கள்.

உங்களிடமும் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். உங்களுக்குப் பூனை மேல் ஆசையா, அல்லது பூனை என்றால் வேலை குறைவு என்ற நினைப்பா? இரண்டாவது என்றால் கொஞ்சம் பொறுங்கள். பூனை ஒரு நாளில் 12 முதல் 16 மணி நேரம் தூங்கும், உண்மைதான். ஆனால் விழித்திருக்கிற நேரம் விடியற்காலையும் அந்தியும். காலை ஐந்து மணிக்கு உங்கள் முகத்தின் மேல் ஏறி நிற்கும். மலத்தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும்; அழுக்காக இருந்தால் உங்கள் கட்டிலையே பயன்படுத்திக்கொள்ளும். நகத்தைத் தீட்ட அதற்கென்று ஒரு கட்டை வைக்காவிட்டால் சோபா போயிற்று. நோயை மறைப்பதில் பூனையை மிஞ்ச முடியாது. ஆண் பூனை மலத்தட்டில் முக்கிக்கொண்டே இருந்து மூத்திரம் வரவில்லை என்றால், நாளைக்குப் பார்க்கலாம் என்று விடக் கூடாது. அடைப்பு இருந்தால் ஓரிரு நாளில் உயிரே போகும். வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை 15 வருடம் இருப்பது சாதாரணம். இன்று நீங்கள் கொண்டுவரும் குட்டிக்கு உங்கள் 46 வயதிலும் நீங்கள்தான் மருந்து கொடுத்துக்கொண்டிருப்பீர்கள்.

பாசம் கிடையாது என்பதை மட்டும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு எதிரே வருவதும், தலையால் காலில் முட்டித் தேய்ப்பதும், தூரத்தில் உட்கார்ந்து உங்களைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறப்பதும் பூனையின் பாச மொழி. நாய் மாதிரி சத்தமாகச் சொல்லாது, அவ்வளவுதான்.

தும்மல் விஷயம் வேறு. அதைச் சாக்கு என்று தள்ளிவிடாதீர்கள். உலகத்தில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு நாய் அல்லது பூனையால் ஒவ்வாமை இருக்கிறது. ஒவ்வாமை தருவது முடி அல்ல. பூனையின் எச்சிலிலும் தோலிலும் சுரக்கும் ஒரு புரதம். பூனை உடம்பை நக்கும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, காற்றில் மிதக்கிறது. அதனால் முடி குறைந்த இனமாகப் பார்த்து வாங்கினால் தீர்ந்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பூனை இருக்கிற நண்பர்கள் வீட்டுக்கு அவரை மூன்று நான்கு முறை கூட்டிப் போங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு மணி நேரமாவது இருக்கட்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவரிடம் ஒவ்வாமைப் பரிசோதனை செய்துகொள்ளலாம். மூச்சு இழுக்கிறது, நெஞ்சில் விசில் சத்தம் வருகிறது என்றால் பூனைப் பேச்சை நீங்கள் அன்றோடு விட்டுவிட வேண்டும். இது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் அதுதான் நியாயம்.

மாமியார் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணி பூனையின் மலம் வழியாகப் பரவலாம், கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்றினால் கருவைப் பாதிக்கலாம். அதற்காகப் பூனையே ஆகாது என்று இல்லை. மலத்தில் வெளியேறிய கிருமி தொற்றும் நிலைக்கு வர 1 முதல் 5 நாள் பிடிக்கும். தட்டைத் தினமும் சுத்தம் செய்தால், அதையும் கர்ப்பிணி செய்யாமல் இன்னொருவர் செய்தால், பூனைக்குப் பச்சை இறைச்சி கொடுக்காமலும் வெளியே வேட்டைக்கு விடாமலும் வைத்திருந்தால், ஆபத்து மிகவும் குறைந்துவிடும். சரியாக வேகாத இறைச்சியிலிருந்தும் கழுவாத காய்கறியிலிருந்தும்கூட அதே தொற்று வரும். அந்த நேரம் வரும்போது மகப்பேறு மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டு, அவர் சொல்வதை மாமியாரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். தட்டு கழுவும் வேலை அவருடைய மகனுக்கு.

முயல் வேண்டவே வேண்டாம். விட்டுக்கொடுப்பது நல்லதுதான், ஆனால் இருவருமே ஆசைப்படாத ஒன்றைச் சமாதானத்துக்காகக் கொண்டுவந்தால் அந்த ஏமாற்றத்தைச் சுமக்கப்போவது கூண்டில் இருக்கும் உயிர். முயல் சுலபமான பிராணியும் இல்லை. 8 முதல் 12 வருடம் இருக்கும். வேட்டையாடப்படும் இனம் என்பதால் தூக்கினாலே பெரும்பாலான முயல்களுக்குப் பயம். பல் ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். அது தேய நாள் முழுக்க உலர் புல் கடிக்க வேண்டும். அரை நாள் சாப்பிடாமல் கிடந்தால் மருத்துவரிடம் ஓட வேண்டும். துணைக்கு இன்னொரு முயல் இல்லாவிட்டால் ஏங்கிப்போகும். முயலைப் பிடித்தவர்கள் வளர்க்கட்டும். உங்கள் கடிதத்தில் அந்த முயலுக்காக ஒரு ஆசை வார்த்தைகூட இல்லை.

சரி, என்ன செய்யலாம்? நாய் இல்லாமலே நாய்க்கான நேரத்தை ஒரு மாதம் ஒதுக்கிப் பாருங்கள். உங்கள் கணவர் தினமும் ஆறு மணிக்கு எழுந்து 40 நிமிடம் வெளியே நடக்கட்டும். வேலையிலிருந்து வந்ததும் இன்னொரு அரை மணி நேரம். மழை, தலைவலி, ஞாயிற்றுக்கிழமை என்று எதற்கும் விடுமுறை கிடையாது. நாட்காட்டியில் ஒவ்வொரு நாளும் அவரே குறிக்கட்டும். நீங்கள் எழுப்பவும் வேண்டாம், கண்காணிக்கவும் வேண்டாம். அந்த மாதத்திலேயே ஊருக்குப் போகிற நண்பர் யாருடைய நாயையாவது ஒரு வாரம் உங்கள் வீட்டில் வைத்திருங்கள். பகலில் உங்களுக்கு எப்படி இருக்கிறது என்பதை யாரும் சொல்லி விளக்க முடியாது, இருந்து பார்த்தால்தான் தெரியும். காலடியில் ஒரு நாய் மூச்சு விடும் சத்தத்தோடு வேலை பார்ப்பது உங்களுக்கே பிடித்துப்போகவும் கூடும்.

ஒரு மாதம் அவர் நடந்துவிட்டார், உங்களுக்கும் மனசு ஒத்துவருகிறது என்றால், குட்டி வேண்டாம், நான்கைந்து வயதான நாயாகக் காப்பகத்தில் பாருங்கள். குணம் அதற்குள் தெரிந்திருக்கும். குட்டிப் பருவத்தின் பகல் வேலைகளில் பெரும்பகுதி இருக்காது. பத்து நாளுக்கு மேல் அவரால் நடக்க முடியவில்லை என்றால், தும்மல் சோதனையும் தாண்டிவிட்டால், பூனை வரட்டும். அப்போது “நான்தான் சொன்னேனே” என்று மறந்தும் வாயைத் திறக்காதீர்கள். ராத்திரிச் சாப்பாடு வைப்பதையும், வீடு திரும்பியதும் கயிறு கட்டிய பொம்மையை ஆட்டி விளையாடுவதையும் அவருக்கு விட்டுவிடுங்கள். வேளை தவறாமல் சாப்பாடு வைத்து விளையாட்டும் காட்டுகிறவரைக் கதவு திறக்கும் சத்தத்திலேயே அடையாளம் கண்டுகொண்டு வாசலுக்கு வரும் பூனைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இரண்டுமே வேண்டும் என்று பின்னால் தோன்றலாம். இரண்டும் ஒரு வீட்டில் இருக்க முடியும்தான், ஆனால் வாரக்கணக்கில் கதவுக்கு இருபுறமும் வைத்து முதலில் வாசனையைப் பழக்கி, மெல்ல மெல்ல முகம் காட்ட வேண்டிய வேலை அது. முதலாவது வந்து ஒரு வருடமாவது போகட்டும்.

பிறந்தநாளுக்கு 7 வாரம் இருக்கிறது. நடைச் சோதனைக்கு 4 வாரம் போனால், இருவரும் சேர்ந்து காப்பகத்துக்குப் போய்ப் பார்க்க இன்னும் 3 வாரம் மிச்சம். இன்று ராத்திரி அந்தப் பழைய நாயின் பெயரைக் கேட்பதிலிருந்து ஆரம்பியுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள், காத்திருப்பேன்.